ஒரு கேபிள், இரண்டு கெட்டிக்காரர்கள்

தெரியாத வேலையில் கைவைத்துக் கெடுத்தவர்கள் நிறையப் பேர் உண்டு. நான் தெரிந்த வேலையை மிகச் சரியாகச் செய்து கெடுத்தவள். என் கணவரும் அதே வேலையை மிகச் சரியாகச் செய்தார். வினையே அதுதான்.

தொண்ணூறுகளின் கடைசி. மலேசியாவில், பகாவ் பக்கம் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான் ஆசிரியை. கணவர் குணா அதே தோட்டத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் வயர்மேன். கல்யாணமாகி நாலு மாதம். தன் கெட்டிக்காரத்தனத்தை மற்றவருக்குக் காட்டிவிட இருவருமே துடித்துக்கொண்டிருந்த காலம் (இப்போது அந்தத் துடிப்பெல்லாம் டிவி ரிமோட்டைத் தேடுவதோடு சரி).

பள்ளியில் இரண்டு கணினிகள் இருந்தன. ஒன்று தலைமையாசிரியர் அறையில், பிரிண்டரோடு. இன்னொன்று நடைபாதையின் மறுகோடியில், கணினி வகுப்பில். சீலிங்குக்கு மேலே ஒரு நீளமான கேபிள் ஓடி இரண்டையும் இணைத்தது. அந்த வருடம் முன்னாள் மாணவர் ஒருவர் இன்னும் மூன்று கணினிகளை வாங்கித் தந்தார். எல்லாவற்றையும் சேர்த்து இணைக்க ஹப் என்ற சின்னப் பெட்டியும் கூடவே வந்தது.

மாணவர் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்த நேரம் அது. அதனால் சனிக்கிழமை காலை பெற்றோரை அழைத்து ஒரு வித்தை காட்டுவதாக ஏற்பாடு. கணினி வகுப்பில் ஒரு பிள்ளை பெயரைத் தட்டினால், தலைமையாசிரியர் அறையில் அது அச்சாகி வரும். மூன்றாம் வகுப்பு கவிதாவைத்தான் தேர்ந்தெடுத்தோம். அவள் அம்மா லெட்சுமி அக்கா, மகளை டவுன் பள்ளிக்கு மாற்றிவிடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் போனால் பின்னாலேயே நாலு வீடு போகும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கணினி வகுப்பில் அந்தக் கேபிளை ஹப்பில் மாட்டினேன். விளக்கு எரியவில்லை. எனக்கோ பெருமை தாங்கவில்லை, ஏனென்றால் காரணம் எனக்குத் தெரியும்! சிரம்பானில் மூன்று சனிக்கிழமை கணினி வகுப்புக்குப் போனவளாயிற்றே.

"இது கிராஸ் கேபிள்ங்க" என்றேன் குணாவிடம். "ரெண்டு கம்ப்யூட்டர நேரா சேர்க்கிறதுக்கு உள்ளது. உள்ளார எட்டு ஒயர். ஒரு முனையில ஒரு வரிசை, மறுமுனையில வேற வரிசை. ஹப்புக்கு ரெண்டு முனையும் ஒரே வரிசையா இருக்கணும்."

"அப்ப என்ன செய்யணும்?"

"ஒரு முனைய வெட்டிட்டு, மறுமுனை மாதிரியே புது பிளக் போடணும்."

"எந்த முனைய?"

"ஏதாச்சும் ஒண்ணு போதும்லா" என்றேன், பேராசிரியர் தோரணையில். இரண்டு வரிசைகளையும் ஒரு தாளில் வரைந்து மேசைமேல் வைத்தேன்.

அந்த 'ஏதாச்சும் ஒண்ணு' இருக்கிறதே, அதை நான் சொல்லியிருக்கக் கூடாது.

குணா தலைமையாசிரியர் அறையில் ஏணிமேல் ஏறி, தொங்கிக்கொண்டிருந்த கேபிளைச் சுவரோடு சேர்த்து ஆணியடித்துக்கொண்டிருந்தார். நான் ஹப் பக்கத்து முனையை வெட்டினேன். பழகிப் பார்க்கிறேன் என்று அதற்கு முன்பே எட்டு பிளக்குகளைப் பாழாக்கியிருந்தேன். மீதி இரண்டுதான். முதல் முயற்சியிலேயே சரியாக வந்தது. யாரும் பார்க்கவில்லையே என்ற வருத்தத்தோடு பிளக் போடும் கருவியை மேசையில் வைத்துவிட்டு, மண்டபத்தில் தோரணம் கட்டப் போனேன்.

குணா ஏணியிலிருந்து இறங்கி வந்தார். மேசையில் கருவி, ஒரு பிளக், என் தாள். 'நம்மளச் செய்யச் சொல்லித்தான் எடுத்து வச்சிட்டுப் போயிருக்கு, பாவம்' என்று நினைத்தாராம். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்குப் போய், அந்த முனையை வெட்டி, மற்ற வரிசைக்கு மாற்றினார். அவருக்கும் முதல் முயற்சியிலேயே சரியாக வந்தது.

சோதித்துப் பார்த்திருக்கலாம். அதற்குள் இடி இடித்தது. மின்னலுக்குப் பயந்த தலைமையாசிரியர் பள்ளி முழுக்க மெயின் சுவிட்சை அடைத்துவிட்டார்.

மழையில் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும்போது, "முடிஞ்சிருச்சுங்க" என்றேன்.

"ஆமா, முடிஞ்சிருச்சு" என்றார் அவர்.

இருவரும் அவரவர் பெருமையில் நனைந்துகொண்டே போனோம்.

சனிக்கிழமை வகுப்பு நிறையப் பெற்றோர். தலைமையாசிரியர் தம் அறையில், பிரசவ வார்டு வாசலில் நிற்பவர் போலப் பிரிண்டர் முன் நின்றார். கவிதா பெயரைத் தட்டி, பொத்தானை அமுக்கினாள்.

"சார், வந்துருச்சா?" என்று கத்தினேன்.

"வரல!" என்று நடைபாதைக் கோடியிலிருந்து பதில் வந்தது.

"இப்ப?"

"இல்லம்மா!"

பின்வரிசையில் ஒருவர், "டீச்சர், இப்படிக் கத்தியே பேரச் சொல்லிறலாமே, ஒயர் எதுக்கு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். லெட்சுமி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "டவுன் ஸ்கூல்ல இதெல்லாம் ஒழுங்கா வேலை செய்யுதாம்" என்று பக்கத்துப் பெண்ணிடம் சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது.

ஹப்பைப் பார்த்தேன். விளக்கு எரியவில்லை.

"எப்படிங்க? நேத்தே மாத்திட்டேனே!" என்றேன்.

குணா என்னைப் பார்த்தார். "நீ எப்ப மாத்தின? நான்ல மாத்தினேன்!"

அதற்குள் ஓடி வந்திருந்த தலைமையாசிரியர், "ரெண்டு பேரும் மாத்தியிருந்தா இன்னும் நல்லதுதானம்மா?" என்றார் நம்பிக்கையோடு.

"இல்ல சார். பழையபடி கிராஸாயிருச்சு."

ஒரு மத்தியானம் முழுக்க இரண்டு பேர் பாடுபட்டு, அந்தக் கேபிளை அது இருந்தபடியே ஆக்கிவைத்திருந்தோம். கொஞ்சம் குட்டையாகியிருந்தது, அவ்வளவுதான். மறுபடி வெட்டலாமென்றால் பிளக் இல்லை. சிரம்பானுக்குப் போனால்தான் கிடைக்கும். எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

குணா தலையைச் சொறிந்தார். "பழையபடி ஆயிருச்சுன்னா, பழையபடியே மாட்டலாம்ல?"

சட்டென்று எனக்கு உறைத்தது. ஹப்பை விட்டுவிட்டு, கேபிளை நேராகக் கவிதாவின் கணினியில் சொருகினால் போதும்! (மூன்று சனிக்கிழமை வகுப்புக்குப் போனது நான்.) பாய்ந்து போய்க் கேபிளைப் பிடுங்கி இழுத்தேன். ஒரு சாண் எட்டவில்லை. வெட்டியதில் போனது கொஞ்சம், குணா சுவரோடு இறுக்கி அடித்ததில் போனது மிச்சம்.

"மேசையத் தூக்குங்கலா!" என்றது ஒரு குரல். லெட்சுமி அக்காதான். முந்தானையைச் செருகிக்கொண்டு அவரே ஒரு மூலையைப் பிடித்தார். மற்ற மூலைகளை மூன்று பேர் பிடித்தார்கள். "மெதுவா, மெதுவா, டிவி விழுந்திரும்!" கணினியோடு மேசை நகர்ந்தது. கவிதா நாற்காலியை இழுத்துக்கொண்டு கூடவே நகர்ந்தாள். சொருகினேன்.

பிரிண்டர் க்ரீச்சென்று கத்தியது. "வருது! வருது!" என்று தலைமையாசிரியர் அதைவிடச் சத்தமாகக் கத்தினார். 'கவிதா' என்று ஒரு தாள் வந்தது. பிறகு இன்னொன்று. இன்னொன்று. நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரமெல்லாம் பிள்ளை பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறாள். பதினாலு தாள். வந்தவர்கள் ஆளுக்கொன்றாக வாங்கிக்கொண்டார்கள்.

லெட்சுமி அக்கா தன் தாளைச் சுருட்டாமல், மடிக்காமல், இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனார். அது அவர் வீட்டு அலமாரிக் கதவில் ரொம்ப நாள் ஒட்டியிருந்தது. கவிதா ஆறாம் வகுப்புவரை எங்களிடம்தான் படித்தாள். மறுவாரம் சிரம்பானிலிருந்து பிளக் வாங்கி வந்து நான் முனையை மாற்றி முடிக்கும்வரை, குணா இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். தலைமையாசிரியர் உத்தரவு.

எங்கள் பிள்ளைகள் இந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தவர்கள். கறிக்கு இரண்டு பேரும் உப்புப் போட்டுவிட்டால், "ரெண்டு பக்கமும் வெட்டியாச்சா?" என்பான் மகன். போன மாதம் எனக்கும் குணாவுக்கும் ஒரு சண்டை. அரை நாள் பேச்சில்லை. போனால் போகிறது என்று நான் இரண்டு கிளாஸ் தேத்தண்ணி கலக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். அதே நேரம் அவர் கடையிலிருந்து இரண்டு பொட்டலம் தே தாரேக், அதாவது இழுத்து ஆற்றிய தேத்தண்ணி, வாங்கிக்கொண்டு வாசலில் நுழைந்தார்.

மகள் எங்கள் நான்கு கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப சண்டை பழையபடியா?" என்றாள்.