கவர் கட்டிய பாதங்கள்

கோபக்காரனுக்குப் பக்தியும் சேர்ந்துவிட்டால் வீட்டில் மற்றவர்கள் நிம்மதியாகச் சோறு தின்ன முடியாது. அந்தக் கோபக்காரன் நான்தான். (பக்திமான் என்பதை எங்கள் வீட்டில் இன்னும் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.)

சில வருஷங்களுக்கு முந்தைய தவக்காலம். பாகூர் பக்கம் எங்கள் கிராமம். சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வீடு திரும்பியதும் அறிவித்தேன்: ஈஸ்டர் வரைக்கும் எனக்குக் கறி கிடையாது, மீன் கிடையாது, சவரம் கிடையாது, காலுக்குச் செருப்பும் கிடையாது. ஊரில் கேட்டவர்களிடம் இதைச் சொன்னேன், கேட்காதவர்களை நிறுத்தி வைத்துச் சொன்னேன். கோபத்தை மட்டும் விடவில்லை. கத்தரிக்காய்க் குழம்பில் உப்பு குறைந்ததற்குத் தட்டை வீசினேன். என் மனைவி ஸ்டெல்லா ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னாள்:

"நீ கறியே துன்னுய்யா. எங்கள துன்னாத."

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் மாலைப் பூசையில் பங்குச் சாமியார் பன்னிரண்டு பேரை இயேசுவின் சீடர்களாக வரிசையில் உட்காரவைத்துப் பாதம் கழுவுவார். அந்த வருஷம் முதல் நாற்காலி எனக்கு. எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. சாமியார் கழுவப்போகிற காலை வீட்டிலேயே நன்றாகக் கழுவிக்கொண்டுதான் போவார்கள். அழுக்குக் காலை சாமியாரிடம் நீட்டலாமா, மானம் போய்விடாதா? நான் ஒரு படி மேலே போனேன். வெறுங்காலோடு திரிந்து வெடித்துப்போயிருந்த குதிகாலைச் செங்கல் துண்டால் தேய்த்துத் தேங்காய் எண்ணெயைக் கொட்டி ஊறவைத்தேன். ரோட்டுப் புழுதி படக்கூடாதே! இரண்டு துணிக்கடை பிளாஸ்டிக் கவரை எடுத்துக் காலில் மாட்டிக் கணுக்காலில் நூலால் கட்டினேன். செருப்பு போடமாட்டேன் என்றுதானே நேர்ந்துகொண்டேன், கவர் செருப்பாகுமா?

ஸ்கூட்டியை ஓட்டியது ஸ்டெல்லா. பின்னால் உட்கார்ந்து வந்தேன். வழியெல்லாம் அவள் முதுகு குலுங்கியது. மேடுபள்ளம் என்று நினைத்தேன். சிரித்திருக்கிறாள்.

கோயிலுக்குள் போய்ப் பார்த்தால், இரண்டாவது நாற்காலியில் அந்தோணி! ஸ்டெல்லாவின் தம்பி. சாராயக்கடைக்காரன் பூட்டைத் திறக்கும்போதே வாசலில் நிற்கிறவன். எனக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது.

"இவன் இன்னா சாமி இங்க?"

"நான்தான் கூப்பிட்டேன்," என்றார் சாமியார். "தவக்காலம் பூரா அந்தோணி குடிக்கவே இல்ல."

"குடிகாரன் சொல்றத நம்புறீங்களா? ஒண்ணு இவன் உக்காரணும், இல்ல நான் உக்காரணும்!"

கோயில் முழுக்கக் கேட்டது. பெண்கள் பக்கத்தில் ஸ்டெல்லா முக்காட்டை முகம்வரை இழுத்துக்கொண்டாள். சாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அந்தோணி எழுந்துவிட்டான்.

"வுடுங்க சாமி. மாமா உக்காரட்டும்."

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். போகட்டும், நேராகக் கடைக்குத்தான் போவான், நான் சொன்னது நிஜமாகும் என்று எனக்குள் ஒரு சந்தோஷம். அடப்பாவி! ஒருவன் குடித்துக் கெட வேண்டும் என்று பீடத்துக்கு முன்னால் உட்கார்ந்து ஆசைப்பட்டிருக்கிறேன். இதை எழுதும்போதும் அந்த ஆளை நாலு அறை அறையலாம்போல் ஆத்திரம் வருகிறது. (கன்னம் என்னுடையதாகப் போய்விட்டது.)

சடங்கு தொடங்கியது. நூலை அவிழ்த்துக் கவரைக் கழற்றினேன். உள்ளே எண்ணெயும் வியர்வையும் குழம்பாகியிருந்தது. சாமியார் முழங்காலிட்டு என் காலில் தண்ணீர் ஊற்றினார். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. சாமியாரைவிடத் தாழ்மையானவன் நான் என்று ஊருக்குக் காட்ட வேண்டாமா?

"வேணாம் சாமி! நான் பாவி! நான் உங்க கால கழுவுறேன்!" என்று கத்திக்கொண்டே எழுந்து சொம்பைப் பிடுங்கினேன்.

ஈர டைல்ஸ், எண்ணெய்க் கால். சர்ரென்று வழுக்கி, சாமியாரின் தோளைப் பிடித்து, அவரையும் சாய்த்து, தண்ணீர்த் தாம்பாளத்தின் மேல் பொத்தென்று உட்கார்ந்தேன். வலது கணுக்காலில் மளக்கென்று சத்தம். கையிலிருந்த சொம்பு உருண்டுபோய்ப் பாடகர் குழுவின் ஆர்மோனியத்தில் மோதி நின்றது. சீடர்கள் பத்துப் பேரும் அசையவில்லை. வாசலிலிருந்து ஒருவன் மட்டும் ஓடிவந்து என்னை முதுகில் தூக்கிப் போட்டுக்கொண்டான். வாயை ஊதச் சொல்லாமலே தெரிந்தது. அந்தோணியிடம் சாராய வாடை இல்லை.

கால் முறிந்திருந்தது. மாவுக்கட்டு போட்டார்கள். தினமும் காலையில் அந்தோணி வந்து கட்டு நனையாமல் அதே துணிக்கடை கவரை மாட்டி என்னைக் குளிப்பாட்டினான். இடது காலை மடியில் வைத்து விரலிடுக்கெல்லாம் சோப்பு போட்டான். அவன் பேசாமல் கழுவக் கழுவ எனக்கு எரிச்சல் ஏறியது. திட்டியிருந்தால் நானும் திட்டி முடித்திருப்பேனே! ஒருநாள் வெடித்துவிட்டேன்.

"டேய், உனக்குக் கோவமே வரலியாடா?"

"வராம இன்னா மாமா? அன்னிக்கு செம கோவம். கடைக்குப் போயி மூக்கு முட்டக் குடிக்கணும்னுதான் வெளிய வந்தேன். வாசல் தாண்டல, நீ வுழுந்த. சிரிப்பு வந்துச்சு பாரு, அந்தச் சிரிப்புல கோவம் பூடுச்சு. அப்பறம் உன்னத் தூக்கினு ஆஸ்பத்திரிக்குப் போவவே நேரம் சரியாப்போச்சு."

நான் துரத்தியவனை, என்னை விழவைத்து, கடைக்குப் போகாமல் நிறுத்தியிருக்கிறார் ஆண்டவர். வழக்கமாக ஜெபத்தில், கறி, மீன், செருப்பு என்று நான் விட்டதையெல்லாம் அவருக்கு ஞாபகப்படுத்துவேன். அன்று சொல்ல ஒன்றுமில்லை. "எனக்கு இரங்கும்," என்று மட்டும் சொன்னேன். கால் சோப்பு நுரையோடு அந்தோணியின் மடியில் இருந்தது. அழுதேன். சோப்பு கண்ணில் பட்டுவிட்டதாக ஸ்டெல்லாவிடம் சொன்னேன், அவள் நம்பவில்லை.

அடுத்த வருஷம் முதல் நாற்காலியில் அந்தோணி. இன்றுவரை அது அவனுக்குத்தான். எனக்குச் சாமியார் வேறு வேலை கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு கால் கழுவி முடிந்ததும் முழங்காலிட்டுத் தரையைத் துடைக்க வேண்டும், இன்னொருவர் வழுக்கி விழாமல் இருக்க. இந்த வருஷமும் துடைத்துக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து அந்தோணி குனிந்து கிசுகிசுத்தான்:

"மாமா, அந்த ஓரம் இன்னும் ஈரமா கீது பாரு."

எனக்குச் சுருக்கென்று ஏறியது. என்னைவிடச் சுத்தமாகத் துடைக்க இந்த ஊரில் எவன் இருக்கிறான் என்று கேட்கத் தலையைத் தூக்கினேன். பெண்கள் பக்கத்திலிருந்து ஸ்டெல்லாவின் குரல் வந்தது.

"கவர் எடுத்தாரட்டா?"

வாயை மூடிக்கொண்டு அந்த ஓரத்தைத் துடைத்தேன். நிஜமாகவே ஈரமாகத்தான் இருந்தது.