புகை காணப்படவில்லை

கண் இருக்கும், மூக்கு இருக்கும், இரண்டும் ஒழுங்காக வேலையும் செய்யும். ஆனாலும் கையில் ஓர் அட்டை இல்லாமல் எதையும் பார்த்ததாக ஒப்புக்கொள்ளாத ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. வாசகரே, இவர்களைப் பயிற்சி பெற்றவர்கள் என்று அழைக்கலாம். பிறக்கும்போது இவர்கள் இப்படி இல்லை. மூன்று நாள் பயிற்சிச் செயலமர்வில்தான் இப்படி ஆகிறார்கள்.

எங்கள் அரசாங்கக் கந்தோரில் இந்த இனத்துக்கு அருமையான மாதிரி ஒருவர் இருக்கிறார். சுற்றாடல் பரிசோதகர் பிரதாப். தொழிற்சாலைகளுக்குப் போய்ப் புகையையும் கழிவையும் பார்த்து, அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கலாமா கூடாதா என்று எழுதுவது அவர் வேலை. தமிழில் வரும் முறைப்பாடுகளை, அதாவது புகார்களை, சிங்களத்தில் எழுதிக் கொடுப்பது என் வேலை. பயிற்சிக்கு முன்பு பிரதாப் நல்ல மனிதர். பஸ்ஸில் போகும்போதே எட்டிப் பார்த்து, "பச்ச வெறகப் போட்டுத் தொலைக்கிறானுங்க, பாருங்க" என்பார். அவ்வளவுதான் பரிசோதனை. பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

பிறகு நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் செயலமர்வு நடந்தது; மொழிபெயர்க்க நானும் போயிருந்தேன். பை கொடுத்தார்கள், பேனா கொடுத்தார்கள், கழுத்தில் பெயரட்டை மாட்டினார்கள், குழுக் குழுவாகப் பிரித்துப் பெரிய தாளில் கலர் பேனாவால் தொழிற்சாலை வரையச் சொன்னார்கள், கொழும்பிலிருந்து பாடம் நடத்த வந்த வளவாளர் நூற்றுப் பதினொரு ஸ்லைடு காட்டினார். கடைசியில் ஆளுக்கோர் அட்டை கிடைத்தது. வெள்ளையிலிருந்து கறுப்பு வரை அதில் ஐந்து கட்டம். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும், வானம் தெளிவாக இருக்க வேண்டும், கையை நீட்டி அட்டையைப் பிடித்து, புகை எந்தக் கட்டத்தோடு ஒத்துப்போகிறது என்று பார்க்க வேண்டும். பாதி நாள் பனி மூடிக் கிடக்கும் எங்கள் அக்கரப்பத்தனைப் பக்கம் சூரியனை முதுகுக்குப் பின்னால் நிறுத்துவதென்றால் முதலில் அதற்கொரு கடிதம் போட வேண்டும் என்பது கொழும்புக்காரருக்கு எப்படித் தெரியும்?

"பனி மூடியிருந்தா என்ன செய்றது சேர்?" என்று ஒருவர் கேட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், கேட்டவர் பிரதாப்தான். "நல்ல கேள்வி" என்றார் வளவாளர். உடனே தேநீர் இடைவேளை விட்டார்கள்.

அதற்குப் பிறகு பிரதாப் வாயிலிருந்து 'புகை' என்ற சொல் வரவில்லை. 'வெளியேற்றம்' என்பார். யாராவது நாறுகிறது என்றால், "அது நம்ம வரையறைக்குள்ள வராதுங்க" என்பார். வீட்டில் பருப்பு அடிப்பிடித்து அறையெல்லாம் புகை மண்டியபோது, "எவ்வளவு நேரமா வெளியேறுது?" என்று விசாரித்தாராம். மனைவி ஜெயந்தினி கரண்டியோடு பதில் சொல்லியிருக்கிறார்.

இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், மீனம்மாவின் முறைப்பாடு என் மேசைக்கு வரும் வரை.

மீனம்மா அக்கரப்பத்தனைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். அங்குள்ள தேயிலைத் தொழிற்சாலை அடுப்பில் விறகோடு பழைய டயரையும் போட்டு எரிக்கிறார்கள். புகை நேராகத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குள் வருகிறது. ஒன்பது வயது மகள் கிருஷாந்திக்கு இழுப்பு. மூச்சுவிட முடியாமல் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள். அந்த மாதத்தோடு தொழிற்சாலையின் அனுமதிப்பத்திரம் முடிகிறது. இதைச் சரிசெய்யும் வரை புதுப்பிக்காதீர்கள் என்பதுதான் அந்தத் தாய் கேட்டிருந்தது.

பிரதாப்பும் நானும் போனோம். பனி. புகைபோக்கி என்ன, தொழிற்சாலையே தெரியவில்லை. ரப்பர் கருகும் வாடை மட்டும் தொண்டையைப் பிடித்தது. பிரதாப் சூரியன் இருக்கக்கூடும் என்று நினைத்த பக்கத்துக்கு முதுகைக் காட்டி நின்று, கையை நீட்டி, வெறும் வெள்ளைக்கு முன்னால் அட்டையைப் பிடித்தார். நன்றாக இருமினார். பிறகு, "ஒன்னும் தெரியலையே அக்கா" என்றார்.

மீனம்மா லயத்துக்குள் போய் ஒரு பள்ளிக்கூடக் கவுனைக் கொண்டுவந்தார். "நேத்து வெயிலடிச்சுச்சுன்னு தொவச்சுக் காயப்போட்டேன் சேர். சாயங்காலம் எடுத்தது இப்பிடி இருக்குங்க" என்று அதை விரித்து, அட்டையின் மேலேயே வைத்துக் காட்டினார். வெள்ளைக் கவுன் நான்காம் கட்டத்தோடு அச்சாகப் பொருந்தியது. வளவாளரின் நூற்றுப் பதினொரு ஸ்லைடில்கூட இவ்வளவு தெளிவான அளவீடு இல்லை.

பிரதாப் கவுனைப் பார்த்தார், படிவத்தைப் புரட்டினார். "நேத்து வந்தத இன்னைக்கு எழுத ஏலாதுக்கா. புகைபோக்கியத்தான் பாக்கச் சொல்லியிருக்கு. கவுனுக்குப் படிவத்துல எடமில்ல."

"அப்ப எம் புள்ள மூச்ச எந்த எடத்துலங்க எழுதுவீங்க?"

பிரதாப் பேனாவைத் திறந்தார். 'அவதானிப்பு நேரத்தில் புகை காணப்படவில்லை' என்று எழுதினார். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

படிவத்தின் அடியில் சாட்சிக்கு ஒரு கோடு இருந்தது. மீனம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க தம்பி. ஒங்களுக்கும் வாடை அடிக்குதுதானே?"

அடித்தது. கண்ணும் எரிந்தது. "நான் எழுதிக் குடுக்கிறவன் மட்டுந்தான்க்கா" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப்பட்டது. அடுத்த மாதம் கிருஷாந்தியை மூன்றாவது முறையாக ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

சரி, அந்த இடத்தில் நீங்கள் நின்றிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பீர்களா? அவசரமில்லை, யோசித்தே சொல்லுங்கள். சொல்வதற்கு முன்னால் அந்தப் படிவத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் நல்லது என்று தோன்றுகிறதா? அப்படியானால் உங்களுக்குச் செயலமர்வே தேவையில்லை.