பூஜையில் வைக்காத கம்ப்யூட்டர்

“அதைத் தொடாதேங்கோ! பொட்டு வெச்சாச்சு.”

தேசிகன் நீட்டிய கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். கூடத்தில் மணைமேல் வீட்டிலுள்ள அத்தனை புத்தகங்களும் அடுக்கப்பட்டு, பட்டுத்துணி போர்த்தி, சந்தனம் குங்குமம் மல்லிகைப்பூ சகிதம் சரஸ்வதியாக வீற்றிருந்தன. அந்த அடுக்கில் எங்கேயோ நடுவில் அவருடைய நீல அட்டை நோட்டும் மாட்டிக்கொண்டிருந்தது.

“சுப்பு, என் பட்டிமன்றப் பேச்சு அதுலதான்டி இருக்கு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேடையில பேசணும்.”

“நாளைக்குக் காலம்பற புனர்பூஜை ஆனப்புறம் எடுத்துக்கோங்கோ.”

“பட்டிமன்றம் இன்னிக்குடி!”

“சரஸ்வதி பூஜையும் இன்னிக்குத்தான்” என்றாள் சுப்புலக்ஷ்மி, சுண்டலுக்குத் தேங்காய் துருவியபடி.

கல்யாணமாகி முப்பது வருஷத்தில் சரஸ்வதி பூஜையன்று அந்த வீட்டில் யாரும் ஓர் எழுத்தைப் படித்ததில்லை, எழுதியதும் இல்லை. டெலிபோன் டைரக்டரியும் பால் கூப்பனும்கூட மணையில் ஏறிவிடும். பேனா, பென்சில், வெற்றுத்தாள் எதற்கும் விதிவிலக்கு கிடையாது. அந்த அம்மாளிடம் போய் வாதாடுவதைவிட பொதுப்பணித் துறை ஒப்பந்தக்காரர்களிடம் வாதாடலாம். அந்த வேலையைத்தான் தேசிகன் பெங்களூரில் முப்பத்தொரு வருஷமாகச் செய்துகொண்டிருந்தார்.

ஜோகுபாளையம் தமிழ் அன்பர் மன்றத்தின் 2003ஆம் ஆண்டுப் பட்டிமன்றத்துக்குத் தலைப்பு, ‘இன்டர்நெட் மனித அறிவை வளர்க்கிறதா, மழுங்கடிக்கிறதா?’ மழுங்கடிக்கிறது என்ற அணிக்குத் தேசிகன் தலைவர். எதிரணித் தலைவர் பாலசுப்ரமணியன். சென்ற இரண்டு வருஷமும் அவரிடம்தான் தேசிகன் தோற்றார். இரண்டு வருஷமாக அல்சூர் ஏரிக்கரையில் காலை நடையின்போது பாலசுப்ரமணியன் எதிரே வந்தால், தேசிகன் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொள்வார். செருப்பில் வாரே கிடையாது. இந்த முறையும் தோற்றால் நடக்கும் இடத்தையே மாற்ற வேண்டியதுதான்.

“நீங்கதான் ஞாபகசக்திக்குப் பேர் போனவராச்சே. அப்படியே பேசிடுங்கோளேன்” என்றாள் சுப்புலக்ஷ்மி.

நியாயமான யோசனைதான். தேசிகன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். 1974ல் கையெழுத்திட்ட சிறுபாலத்து ஃபைலின் நம்பர் வந்தது. சித்தி பெண்ணின் நாத்தனார் நட்சத்திரம் வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. நோட்டில் பத்திரமாக இருக்கிறதே என்ற தைரியத்தில் மூளை அதை எப்போதோ கைகழுவிவிட்டிருந்தது. பத்து நிமிஷம் முக்கியதில் “பேரன்புமிக்க பெரியோர்களே” வரை தேறியது.

அப்போதுதான் உள்ளேயிருந்து வந்தாள் ஸ்னேஹா. இன்ஜினீயரிங் கடைசி வருஷம் படிக்கும் ஒரே பெண்.

“அப்பா, நெட்ல தேடினா அரைமணியில பாயின்ட் கிடைச்சுடும்.”

“நெட்லயா? நானா?”

“கம்ப்யூட்டரைத்தான் பூஜையில வெக்கலையே!”

வைக்கவில்லைதான். வைக்கக்கூடாது என்று தடுத்ததே தேசிகன்தான். முந்தின நாள் சுப்புலக்ஷ்மி கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குழைத்தபோது, “அதுல இருக்கறது படிப்பே இல்லை, குப்பை. குப்பைக்கு எதுக்குப் பொட்டு?” என்று கர்ஜித்திருந்தார். அதோடு நிற்காமல், பட்டிமன்றத்தில் ஜெயித்தால் ஒன்றாம் தேதியே நெட் இணைப்பை வெட்டப்போவதாகச் சபதமும் போட்டிருந்தார்.

தேசிகன் மனைவியைப் பார்த்தார்.

“படிப்பு இல்லேன்னா தோஷமும் இல்லை. போய்ப் பாருங்கோ” என்று தீர்ப்பு வழங்கினாள் சுப்புலக்ஷ்மி.

ஸ்னேஹா டெலிபோன் ஒயரைப் பிடுங்கி, கூடத்து மூலையிலிருந்த கம்ப்யூட்டரின் மோடத்தில் செருகினாள். அது கனைத்தது, கீச்சிட்டது, கடைசியில் ஓய்ந்தது.

“இதைப் பிடிச்சுண்டு நகத்துங்கோ. நீலமா இருக்கறதைக் க்ளிக் பண்ணுங்கோ. நான் அம்மாவுக்கு ஒத்தாசை பண்ணிட்டு வரேன்.”

“ஜெயிச்சா உன் நெட் போயிடும். தெரியுமோல்லியோ?”

“தெரியும்ப்பா. நீங்க செருப்பு வாரைத் தேடறதை ரெண்டு வருஷமாப் பாத்துண்டிருக்கேன். அதுக்கு இது தேவலை” என்று சொல்லிவிட்டுப் போனாள். தேசிகனுக்குப் பெண்ணை நினைத்துப் பாவமாக இருந்தது. ஆனாலும் சபதம் சபதம்தான்.

நீலமாக இருந்ததை ஒவ்வொன்றாகக் க்ளிக் செய்தார். முதல் ஒரு மணி நேரம் எங்கே போனதென்று அவருக்கே தெரியாது. தன் ராசிக்குச் சனிப்பெயர்ச்சி பலன் பார்த்தார். நியூசிலாந்தில் இப்போது மணி என்ன என்று பார்த்தார். யாருக்கோ பிறந்த மூன்று பூனைக்குட்டிகளைப் பார்த்து, “ஐயோ தேவரே, எவ்ளோ அழகு!” என்று கன்னடமும் தமிழுமாக வாய்விட்டே சொன்னார்.

பதினொன்றரை மணிக்குத்தான் அந்தப் பக்கம் அகப்பட்டது. ஆங்கிலத்தில், கொட்டை எழுத்தில், நான்கு ஓரத்திலும் பட்டாம்பூச்சி பறக்க, ‘இன்டர்நெட் நம் மூளைக்கு நல்லதா?’ என்று தலைப்பு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகமாகத்தான் இருக்க வேண்டும். வெள்ளைக்காரனுக்கு ரசனை உண்டு என்று நினைத்துக்கொண்டார்.

உள்ளே தங்கச் சுரங்கம். அமெரிக்காவின் புகழ்பெற்ற டாக்டர் பெட்டி என்பவர் நூறு பேரை ஆராய்ந்து கண்டுபிடித்த உண்மைகள் வரிசையாக இருந்தன. ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் இன்டர்நெட் பார்ப்பவர்களுக்கு மோப்ப சக்தி பாதியாகக் குறைகிறது. காலையிலும் மாலையிலும் வெளியே ஓடுபவர்களுக்குப் போன வழி திரும்ப மறப்பதில்லை. சாப்பிட்டதும் ஒரு தூக்கம் போட்டால் அறிவு கூர்மையாகிறது. கடைசி உண்மை தேசிகனை மிகவும் கவர்ந்தது.

“ஸ்னேஹா, இதை அச்சடிச்சுக் குடேன்!”

“பிரிண்டர் பூஜையில இருக்குப்பா. பேப்பரைத் தொடறதாலே அது சரஸ்வதியாம், அம்மா சொன்னா.”

வேறு வழியில்லை. சின்ன வயசில் வாய்ப்பாடு உருப்போட்டதுபோல, தேசிகன் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே திரையைப் பார்த்து மனப்பாடம் செய்தார். பக்கத்தின் கடைசிப் பகுதிக்கு வருகிற நேரத்தில் வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

“தேசிகன் சார்! காலையிலேருந்து உங்க போன் எங்கேஜ்டாவே இருக்கு, என்ன சமாச்சாரம்?”

மன்றத்தின் செயலாளர் ஓஸ்வால்ட். ஆள் பஞ்சத்தில் பட்டிமன்ற நடுவரும் அவர்தான். தேசிகன் பதறிப்போய் ஒயரைப் பிடுங்கி, திரைமேல் தன் அங்கவஸ்திரத்தைப் போர்த்தி, மணையிலிருந்து நழுவி விழுந்திருந்த மல்லிகைச்சரத்தையும் அதன்மேல் வைத்தார்.

“அடடே, கம்ப்யூட்டருக்கும் பூஜையா?” என்றார் ஓஸ்வால்ட். அவருடைய ஸ்கூட்டரிலும் வாழைக்கன்று கட்டியிருந்தது. பெங்களூரில் ஆயுத பூஜைக்கு மதம் கிடையாது.

“பொண்ணோடது. நான் கையால தொட்டதில்லை.”

“ஒரு தடவைகூட?”

“ஒரு தடவைகூட” என்றார் தேசிகன். சரஸ்வதிக்கு எதிரிலேயே சொன்னார். சமையலறையில் சுப்புலக்ஷ்மி தேங்காய் துருவுவதை நிறுத்தியது கேட்டது.

“சூப்பர் சார்! இதை மேடையில சொல்லியே ஆகணும்!” என்று குதூகலத்தோடு கிளம்பினார் ஓஸ்வால்ட்.

சாயங்காலம் மேடையில் சொல்லவும் சொன்னார். “இந்தக் காலத்தில் மவுஸைத் தொடாத ஒரே மாமனிதர்” என்று அறிமுகம் செய்ததும் கூட்டம் ஆரவாரித்தது. முதல் வரிசையில் ஸ்னேஹா புடவைத் தலைப்பை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டாள். துண்டுச்சீட்டுகூட இல்லாமல் தேசிகன் எழுந்து நின்றார். முதல் நிமிஷம் “பேரன்புமிக்க பெரியோர்களே”யைத் தாண்டவில்லை. பிறகு டாக்டர் பெட்டி கைகொடுத்தார்.

“நான் சொல்லவில்லை, டாக்டர் பெட்டி சொல்கிறார்!” என்று அவர் ஒவ்வோர் உண்மையாக எடுத்துவிட எடுத்துவிட, கைதட்டல் கூரையைப் பிளந்தது. மோப்ப சக்தி பாதியாகிறது என்றதும் பல பேர் பக்கத்திலிருந்தவரை மோந்து பார்த்துக்கொண்டார்கள். சாப்பிட்டதும் தூங்கச் சொன்ன இடத்தில் ஆண்கள் பகுதி எழுந்து நின்றே கைதட்டியது.

பாலசுப்ரமணியன் சளைக்காமல்தான் பேசினார். ஆனால் டாக்டர் பெட்டிக்கு அவரிடம் பதில் இல்லை. “அந்தப் பேரை நானும் எங்கேயோ கேட்டிருக்கேன். ரொம்பப் பெரிய ஆளாத்தான் இருக்கணும்” என்று நெற்றியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“இன்டர்நெட் தொடாத மூளை எப்படி வேலை செய்யும் என்பதற்குத் தேசிகன் சாரே சாட்சி!” என்று ஓஸ்வால்ட் தீர்ப்புச் சொன்னார். தேசிகன் அணி ஜெயித்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு தேசிகன் பாலசுப்ரமணியனை நேருக்கு நேர் பார்த்தார். இனி ஏரிக்கரையில் நிமிர்ந்தே நடக்கலாம். அந்தச் சந்தோஷத்தில் மைக்கைத் திரும்பப் பிடித்து, “ஒன்றாம் தேதி எங்கள் வீட்டில் நெட் இணைப்புத் துண்டிக்கப்படும் என்பதை இந்த அவையில் பெருமையுடன் அறிவிக்கிறேன்” என்றார். ஸ்னேஹாவின் முகம் வாடியது.

சால்வை போர்த்த எதிரணியிலிருந்தே ஒருவர் வந்தால் நன்றாயிருக்கும் என்று ஓஸ்வால்ட் நினைத்தார். பாலசுப்ரமணியனின் பேத்தி தர்ஷினியை மேடைக்கு அழைத்தார். ஜீவனஹள்ளியில் அப்பா அம்மாவோடு இருக்கும் பெண், நாலாம் வகுப்பு. பட்டுப்பாவாடை தடுக்க ஓடிவந்து, தேசிகன் குனிந்ததும் சால்வையைப் போர்த்தினாள். போர்த்திவிட்டுக் கீழே இறங்காமல் அண்ணாந்து அவரையே பார்த்தாள்.

“என்னம்மா, தாத்தா கிட்ட ஏதாவது கேக்கணுமா?” என்று ஓஸ்வால்ட் மைக்கை அவள் வாயருகே கொண்டுபோனார்.

“எங்க ஸ்கூல் வெப்சைட்ல போட்ட என் ஹோம்வொர்க்கை ஒரு வார்த்தை விடாம சொன்னீங்களே, சூப்பர் தாத்தா! டாக்டருக்கு என்ன பேரு போடறதுன்னு தெரியல, அதான் எங்க வீட்டு நாய் பேரைப் போட்டேன்!”