கிட்டத்துக்கே வைங்க டாக்டர்

என் மனைவிக்குக் கண்ணில் புரை விழுந்ததற்கு உண்மையாகவே வருந்தினேன். ஆனால் அந்த இரண்டு வருஷம்போல் நான் நிம்மதியாக க்ரீம் பன் தின்றதும் இல்லை. இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுவது நல்லது.

எனக்குச் சர்க்கரை. அவளுக்குத் தையல். மெஷின் ஜன்னலோரம், ஜன்னலுக்கு எதிரே பேக்கரி. புரை முற்ற முற்ற அவளுக்கு பேக்கரி மங்கியது, எனக்குத் துலங்கியது. "நடந்துட்டு வரேன்" என்று சாயங்காலம் கிளம்புவேன். தெருவைக் கடப்பதும் நடைதானே.

இப்போது ஆபரேஷன். டாக்டரம்மா விளக்கினார்.

"தூரத்துக்கு லென்ஸ் வச்சா தெரு பளிச்சுனு தெரியும், ஊசி கோக்கக் கண்ணாடி போடணும். கிட்டத்துக்கு வச்சா ஊசி தெரியும், தெருவுக்குக் கண்ணாடி. எது வேணும்?"

அவள் வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன்.

"கிட்டத்துக்கே வைங்க டாக்டர். அவளுக்குத் தொழில் கையில இருக்கு. தெருவுல என்ன இருக்கு?"

"என்ன இருக்கு?" என்றாள் இவள்.

"ஒண்ணுமில்ல. குப்பைத்தொட்டி."

"எனக்காக இவ்வளவு யோசிச்சீங்களா?"

"உனக்காக யோசிக்காம?"

கண்ணாடியைப் பற்றி எனக்குப் பயமில்லை. அவள் மூக்குமேல் கோபத்தைத் தவிர வேறெதையும் உட்காரவிட மாட்டாள்.

வலது கண் முடிந்தது. கொஞ்ச நாளில் ஊசியின் காது தெரிந்ததும் அவள் கண் கலங்கினாள். எனக்கும் கலங்கியது. கலங்கிய கண்ணோடு பேக்கரிக்குப் போனேன்.

அடுத்த மாதம் இடது கண்ணும் முடிந்தது. அவள் மறுபடி மெஷினில் உட்கார்ந்த அன்று, கொண்டாட்டமாக இரண்டு பன் வாங்கினேன். முதல் கடி.

"அந்தப் பாதியைக் கீழ வைங்க," என்றது எதிர் ஜன்னல். "பேப்பர்ல சுத்தின இன்னொண்ணையும்."

வீட்டுக்குள் வந்தும் எனக்குப் புரியவில்லை.

"உனக்குக் கிட்டத்து லென்ஸ்தானே வச்சாங்க?"

"அது வலது கண்ணுல. இடது கண்ணுக்கு அளவெடுத்தப்ப நீங்க மருந்து வாங்கப் போயிருந்தீங்க. அதைத் தூரத்துக்கு வைங்கன்னு சொல்லிட்டேன். ரெண்டும் வேற வேறயா இருந்தாலும் பழகிடும்னாங்க டாக்டர்."

"தெருவுல உனக்கு என்ன வேலை?"

"தினமும் நடந்து நடந்தே எடை கூடுற மனுஷன் எந்தப் பக்கம் நடக்குறார்னு பார்க்கணும்ல. சர்க்கரை ஏறி உங்க கண்ணும் போச்சுன்னா, யாரு கையை யாரு பிடிக்கிறது?"

உதட்டில் ஒட்டியிருந்த க்ரீமைத் துடைத்தேன். அவள் நூலை ஒரே குத்தில் கோத்தாள்.

"ஒரு கண்ணு ஊசிக்கு. ஒரு கண்ணு உங்களுக்கு."