நாற்பது கட்டுரைத் தம்பி

வீட்டில் ஒருவருக்கு உடம்புக்கு வந்தால் போதும், மறுநாளே முளைத்துவிடும் இனம் ஒன்று உண்டு, உங்களுக்கும் தெரிந்ததுதான். ஆராய்ச்சிக் கட்டுரை படிக்கும் உறவினர். முழுதாகவெல்லாம் படிக்க மாட்டார். மேலே இருக்கும் சுருக்கம் மட்டும்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா. அவள் தம்பி அந்த இனம். பிழைப்பு என்னவோ மூக்குக் கண்ணாடிக் கடை. அக்காவின் கல்லீரலில் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்த மூன்றே வாரத்தில் நாற்பது கட்டுரைகளை அச்செடுத்து, மஞ்சள் மையால் கோடிழுத்து, கோப்பில் கோத்து, சாப்பாட்டு மேஜை, மாடிப்படி, கார் என்று ஓர் இடம் விடாமல் வகுப்பெடுத்தான்.

"கல்லீரல்ல மைக்ரோ ஆர்என்ஏன்னு பொடிப்பொடியா இருக்குக்கா. எந்த மரபணு அளவுக்கு மீறிப் பேசுதோ, அதோட வாயை அடைக்கிறதுதான் அதுங்க வேலை. அது கொறஞ்சா செல்லு கட்டுப்பாடில்லாம வளரும்."

"உன் உடம்புலயும் அது கொறஞ்சிருக்கும்போல," என்றாள் அக்கா.

பள்ளி வேன் ஓட்டும் அக்காவுக்கு மருத்துவரிடம் கேட்க ஒரே கேள்விதான். மூன்று வாரமாக மனசுக்குள்ளேயே வைத்திருந்தாள். மருத்துவர் ஒதுக்கியதோ பத்து நிமிடம். அவள் உட்காருவதற்குள் தம்பி கோப்பைத் திறந்துவிட்டான். குறைந்துபோன ஆர்என்ஏவை ஊசியில் ஏற்றினால் என்ன? கட்டி பாதியாகச் சுருங்கியது என்று இதோ போட்டிருக்கிறதே?

"யாருக்குச் சுருங்குச்சுன்னு போட்டிருக்கு சார்?"

தம்பி புரட்டினான். எலிகளுக்கு.

அசருவானா? அடுத்த தாள். அதற்கடுத்த தாள். அக்கா இரண்டு முறை வாயைத் திறந்தாள். இரண்டு முறையும், "கொஞ்சம் இருங்கக்கா, இது முக்கியம்."

ஒன்பதாவது நிமிடம் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் மறு கையால் அடுத்த தாளைத் தேடினான். அவன் பயந்துபோயிருக்கிறான் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. பாவமாகவும் இருந்தது. "போதும்டா தம்பி," என்று சொல்லிவிட்டு மருத்துவரிடம் திரும்பினாள். "நான் பிழைச்சுக்குவேனா டாக்டர்?"

இந்தக் கேள்வி வந்துவிடக் கூடாதென்றுதான் நாற்பது கட்டுரைகளையும் குறுக்கே அடுக்கி வைத்திருந்தான் தம்பி.

"சின்னக் கட்டி. ஒரே இடத்துல இருக்கு, எடுத்துடலாம். திரும்ப வரவே வராதுன்னு சத்தியம் பண்ண முடியாது. ஆனா பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கும்மா."

அக்கா நிம்மதியாக மூச்சு விட்டாள். தம்பி கோப்பால் முகத்தை மறைத்துக்கொண்டு தேம்பினான்.

சிரிக்காதீர்கள். அடுத்த முறை யாரையாவது மருத்துவமனைக்கு அழைத்துப் போகும்போது, உங்கள் கைபேசியில் சேமித்து வைத்ததைத் திறக்கும் முன், மருத்துவரிடம் என்ன கேட்க விரும்புகிறார் என்று நோயாளியையே ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். கேட்கப் பயமாக இருக்கிறதா? அப்படியானால் நீங்கள் எத்தனையாவது கட்டுரையில் இருக்கிறீர்கள்?