வெர்ஜில் போட்ட பச்சைக் கோடு

ஒஹாயோவில், ஜப்பான் கார் கம்பெனியின் என்ஜின் ஆலையில் வெர்ஜிலுக்குப் பதினெட்டு வருஷ வேலை. போல்ட்டை முறுக்க வேண்டும், முறுக்கியாச்சு என்பதற்கு அடையாளமாக அதன் மேலே பச்சை மையில் ஒரு கோடு போட வேண்டும். மற்றவர்கள் நேராக இழுப்பார்கள். இவன் மட்டும் கடைசியில் பன்றிவால் மாதிரி ஒரு சுழி வைப்பான். அவ்வளவுதான் அவன் வேலை. பேச்சைக் கேட்டால் மொத்தக் காரையும் அவனே பெற்றெடுத்த மாதிரி இருக்கும்.

வீட்டில் பழைய கார் படுத்துவிட்டது. வியாழக்கிழமை, சாப்பாட்டு மேஜையில் சண்டை. அவனுக்குச் சிவப்பு பிக்கப் டிரக் வேண்டும். அவன் மனைவி லொரெட்டாவுக்கு வேன். அவளையும் சேர்த்து, பந்தை உருட்டிக் கட்டை சாய்க்கிற அவள் பவுலிங் கோஷ்டி ஆறு பேர்.

"வேனா? ஆலை வாசல்ல எல்லாவனும் என்னை ஸ்கூல் பஸ் டிரைவர்னு கூப்பிடுவான்!"

"சரிப்பா. ஆனா பதினெட்டு வருஷம் உழைச்சவன், எவனோ செஞ்ச என்ஜினையா ஓட்டப் போற?"

"யாரு, நானா? என் கைபடாத என்ஜின் இந்த வாசல்ல ஏறாது! சத்தியம்!"

"அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"வெர்ஜில் மாறுவானா?"

அவள் அவ்வளவு சீக்கிரம் மடங்கினதே சரியில்லை. குஷியில் அவனுக்கு உறைக்கவில்லை.

சனிக்கிழமை ஷோரூம். பிக்கப் பளபளவென்று நின்றது. ஓடிப்போய் பானெட்டைத் திறந்தான். குனிந்தான். போல்ட்டில் மஞ்சள் கோடு. நேர்க்கோடு.

"இங்க வெளிச்சம் பத்தல," என்றான்.

கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளை லொரெட்டா சத்தமாகப் படித்தாள். "வண்டி பூட்டினது அலபாமா. என்ஜின் ஜப்பான். ஐயாவோட கை அவ்வளவு நீளமா?"

"இல்ல, பிக்கப்னா..."

"சத்தியம்!"

பக்கத்தில் ஒரு வெள்ளை வேன். அவளே பானெட்டைத் தூக்கினாள். பச்சைக் கோடு. பன்றிவால்.

வெர்ஜிலுக்கு அழுகையும் வந்தது, பெருமையும் வந்தது. பெருமை ஜெயித்துத் தொலைத்தது. விற்பனையாளன் டுவெய்னைக் கூப்பிட்டு, "பாருய்யா, இது என் சுழி!" என்று குதித்தான்.

"தெரியும் சார். செவ்வாய்க்கிழமையே மேடம் பதினாலு வண்டியத் திறந்து பாத்து, இதுக்குக் கையெழுத்துப் போட்டுட்டுப் போனாங்க."

அன்றைக்கே ஆறு பெண்களையும் ஏற்றிக்கொண்டு வெர்ஜில் பவுலிங்குக்கு ஓட்டினான். பாதி வழியில் பின்சீட்டிலிருந்து ஒருத்தி கத்தினாள்:

"லொரெட்டா, என்ஜின்ல என்னமோ கடகடங்குதே, எவன்டி முறுக்கினான்?"