மேற்படியார் மேற்படியாரை

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், முப்பது ஆண்டுகளாக எந்த நீதிமன்றமும் திருப்பி அனுப்பாத பத்திரங்களையே எழுதிவந்த குடும்ப வழக்கறிஞர் ஒருவர், தம் வாழ்நாளின் அதிமுக்கியமான வாக்கியத்தை அன்று மாலை மூன்றரை மணிக்கு எழுதி முடித்தார்.

அது ஒரு நாயைப் பற்றியது.

எதிரே கணவனும் மனைவியும். பிரிந்து எட்டு மாதம். வீடு, பீரோ, வாஷிங் மெஷின் எல்லாம் சத்தமில்லாமல் பங்கு பிரிந்தாயிற்று. நாய் விஷயத்தையும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முடித்துவிட்டார்கள்.

"நாய் உங்கிட்டயே இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை வந்து பாத்துக்கறேன்."

"சரி."

அவ்வளவுதான். ஐந்து மணி பஸ்ஸில் அவள் நாயோடு வெளியூருக்கு, புது வேலைக்குப் போயாக வேண்டும். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"வெறும் 'சரி' எல்லாம் சட்டத்துல நிக்காது," என்ற வழக்கறிஞர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். "மேற்படியார், மேற்படியாரை, மேற்படியாரிடம் வாரம் ஒருமுறை காட்டக் கடவர்."

மனைவியின் மடியிலிருந்த நாய் கொட்டாவி விட்டது.

"யாரு, யாரை, யார்கிட்ட காட்டணும்?" என்றான் கணவன்.

"படிச்சா தானா புரியும்."

"இதுல நான் யாரு சார்?"

"மேற்படியார்."

"நாய்?"

"அதுவும் மேற்படியார்தான். சட்டத்தின் முன்னால எல்லாரும் சமம்."

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும். தம் அறையில் பிறர் சிரிப்பது வழக்கறிஞருக்குப் பிடிக்காது. திருத்தினார். கணவன் 'மேலே கண்டவர்', மனைவி 'கீழே கண்டவர்'.

"அப்ப நான் கீழேயா?"

"அது வெறும் வரிசைம்மா."

"பதினோரு வருஷமா பாத்த வரிசைதான்."

"நான் எப்ப உன்னைக் கீழேன்னு சொன்னேன்?" என்றான் அவன்.

"நீங்க சொல்லல. உங்க அக்கா சொன்னாங்க."

"அக்காவை ஏன் இழுக்கற?"

எட்டு மாதமாக யாரும் எடுக்காத அக்கா பேச்சு மேசைக்கு வந்துவிட்டது. வழக்கறிஞர் அவசரமாக அடித்து எழுதினார். கணவன் 'அன்னார்', மனைவி 'இன்னார்'.

"இன்னார்னா? யாரோ தெருவுல போறவ மாதிரி இருக்கே!"

"சரி, மாத்திடறேன். நீங்க அன்னார், இவர் இன்னார்."

"அப்ப நான் தெருவுல போறவனா?" என்று கணவன் எழுந்தான். நாய் குரைத்தது. மணி நாலே கால்.

"ஐயோ, பழையபடி மேற்படியாரே இருக்கட்டும் சார்," என்றாள் மனைவி. "பஸ் போயிடும்."

டைப்பிஸ்ட் அம்மா நாலாவது தடவையாக அடித்துக் கொண்டுவந்து வைத்தார். கடைசித் தாளின் அடியில் நான்கு கோடுகள், ஒவ்வொன்றின் கீழும் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு.

"படிச்சுப் பாத்துடட்டுமா?" என்றான் கணவன்.

"நான் படிச்சாச்சு. அது போதும்," என்றார் வழக்கறிஞர். அவர் தலைக்குமேல் சுவரில், 'படிக்காமல் கையெழுத்திடாதே' என்று அவரே தங்க எழுத்தில் எழுதி மாட்டிய பலகை தொங்கியது. தாளை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் கோட்டில் தம் புகழ்பெற்ற கையெழுத்தை இழுத்தார். அது முடிய அரை நிமிடம் ஆயிற்று.

"கையெழுத்தோட பெருவிரல் ரேகையும் வேணும்," என்று மைப்பெட்டியைத் திறந்து வைத்தார்.

நாய் மடியிலிருந்து மேசைக்குத் தாவியது. ஒரு கால் மைப்பெட்டியில். அடுத்த அடி இரண்டாவது கோட்டில்.

"ஐயையோ!"

"விடுங்கம்மா. பாக்க முத்திரை மாதிரிதான் இருக்கு. மிச்சம் இருக்கற ரெண்டு கோட்டுல நீங்க ஆளுக்கொண்ணு போடுங்க."

போட்டார்கள். ரேகையும் வைத்தார்கள். மணி நாலே முக்கால்.

"முப்பது வருஷம்," என்று வழக்கறிஞர் நாற்காலியில் சாய்ந்தார். "ஒரு பத்திரம் திரும்பி வந்தது கிடையாது."

நகல் எடுக்கத் தாளை வாங்கிய டைப்பிஸ்ட் அம்மா, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிப் பக்கத்தைப் படித்தார். சுவரிலிருந்த பலகையைப் பார்த்தார். பிறகு வழக்கறிஞரைப் பார்த்தார்.

"சார், இதுபடி பிரிஞ்சது நீங்களும் நாயும். இவங்க ரெண்டு பேரும் சாட்சி."